கோடையும் குழந்தையும்: ஒரு நாளுக்கு ஓர் இடம்

பரீட்சை முடிந்ததும் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: இந்த வருஷம் எங்கே போகலாம்? ஊட்டியா, கொடைக்கானலா, மாமா வீடா? பெரிய பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அதற்கு முன்பு கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது? இந்தக் கோடையில் அது புதிதாகச் செய்யப் போவது எது? உட்காரப் பழகிய குழந்தைக்கு ஒரு மரத்தடி போதும். நடக்கப் பழகிய குழந்தைக்கு முள்ளும் வண்டியும் இல்லாத திறந்த வெளி வேண்டும். பேசத் தொடங்கிய பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் காட்ட நாலு மிருகம், நாலு பறவை வேண்டும். இடத்தைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதிதான்: ஒரு நாளுக்கு ஓர் இடம், ஓர் இடத்தில் ஒரு புது அனுபவம். காலையில் கோயில், மத்தியானம் அருவி, சாயங்காலம் பூங்கா என்று அடுக்கினால், மூன்றாவது இடத்தில் பிள்ளை அழும், அப்பா எரிந்து விழுவார், அம்மா வாடிப் போவார். மூன்றில் ஒன்றுகூட யாருக்கும் மனதில் நிற்காது.

வெயிலுக்கு வழிவிடுங்கள்

மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28 வரை நீள்கிறது கத்திரி வெயில். வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்மாவட்டங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் பல. கடலோர ஊர்களில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்து கொஞ்சம் தணிக்கும். ஆனால் புழுக்கம் கூடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் நீரை இழக்கும். அதனால் வெளியே போக உங்களுக்கு இரண்டு வேளைதான் உண்டு: விடிந்ததிலிருந்து ஒன்பதரை மணி வரை, பிறகு சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் இருக்கும் நேரம் வீட்டுக்கும் தூக்கத்துக்கும் உரியது. எந்தத் திட்டத்தையும் இந்த இரண்டு வேளைக்குள் அடக்கப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் அது இந்த வருஷத்துக்கான திட்டம் இல்லை.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெயிலாக இருந்தாலும் தாய்ப்பால் போதும். "வாய் காய்ந்துபோகுமே, ஒரு வாய் தண்ணீர் கொடு" என்று பெரியவர்கள் பரிவோடு சொல்வார்கள். தண்ணீர் வேண்டாம், வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுத்தால் போதும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு மடக்கு கொடுக்க வேண்டும். மோர், இளநீர், இளசான நுங்கு எல்லாம் நல்லது. நுங்கைத் தோல் நீக்கி, சிறு பிள்ளைக்கு மசித்துக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் நிற்கும். முழு திராட்சை, முழு வேர்க்கடலை இரண்டையும் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

நிறுத்திய காருக்குள் பிள்ளையை விட்டுவிட்டு "ஐந்தே நிமிஷம்" என்று யாரும் இறங்கக் கூடாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு மளமளவென்று ஏறும். இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு: நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைக்காகச் செய்யுங்கள்.

வயதைப் பார்த்து இடம்

*ஒரு வயதுக்குள்:* இந்த வயதில் வெளியே போவது என்றால் தெருமுனைப் பூங்கா, சொந்தக்காரர் வீடு, பக்கத்து ஊர்க் கோயில். எட்டு மாதக் குழந்தைக்கு வேப்பமரத்தின் கீழே ஒரு பாயை விரித்து உட்கார வைத்துப் பாருங்கள். இலை நிழல் பாயில் ஆடுவதைக் கையால் பிடிக்கப் போகும். பிடிபடவில்லை என்றதும் உங்கள் முகத்தைப் பார்க்கும். மறுபடியும் பிடிக்கப் போகும். அன்றைக்கு அதற்கு அதுவே பெரிய பயணம்.

*ஒன்று முதல் மூன்று வரை:* நடை வந்த பிள்ளை ஓரிடத்தில் நிற்காது. வேலி உள்ள, புல் உள்ள இடமாகப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டி சிறுவர் பூங்கா ஏற்றது. ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிட்டு வரலாம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 600 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு முழுசையும் பார்க்க நினைக்கக் கூடாது. திறந்ததும் உள்ளே போய், யானை, குரங்கு, பறவைகள் என்று மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, பேட்டரி வண்டியில் ஏறி, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

*மூன்று முதல் ஆறு வரை:* இந்த வயதுக்குக் கேள்விகள் அதிகம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. நிழலும் கூரையும் உள்ள இடம், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே எல்லாக் கட்டடத்தையும் சுற்றாமல் விலங்குப் பகுதிக்கு மட்டும் கூட்டிப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று தொடங்கியது. ஆடாமல் அசையாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் முதலைகளை நாலு வயதுப் பிள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

பருவம் தெரியாமல் போய் ஏமாறும் இடங்களும் உண்டு. வேடந்தாங்கலில் பறவைக் கூட்டம் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான்; மே மாதம் போனால் வெறும் ஏரியைப் பார்த்து வரலாம். குற்றாலத்தில் சீசன் தென்மேற்குப் பருவக்காற்றோடு ஜூனில் தொடங்கும். அருவிக்கு ஆசைப்படும் பிள்ளையிடம், பள்ளி திறந்தபின் வரும் ஒரு சனி, ஞாயிறைச் சொல்லி வையுங்கள்.

மொட்டையும் காதுகுத்தும்

நம் வீடுகளில் குழந்தையின் முதல் பெரிய பயணம் பெரும்பாலும் குலதெய்வக் கோயிலுக்குத்தான். எல்லோருக்கும் லீவு கிடைப்பதால் கோடையில்தான் நாள் குறிக்கிறார்கள். குழந்தைக்கு நல்ல நினைவாகவும் வீட்டுக்கு நிறைவாகவும் இது அமைய, முன்கூட்டியே செய்ய வேண்டியவை பல.

குலதெய்வக் கோயில்கள் பல ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையிலோ காட்டோரத்திலோ இருக்கும். நிழல், தண்ணீர், கழிப்பறை எதையும் எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் கேன், இரண்டு பாய், குடை, அம்மா பால் கொடுக்க மறைப்புக்கு ஒரு பெரிய துணி, தூளிக்கு ஒரு பருத்திப் புடவை, இவ்வளவும் வண்டியில் ஏற வேண்டும். தூளியைக் கட்டும் முன் கிளையைப் பிடித்துத் தொங்கி உறுதி பார்க்க வேண்டும்; சுள்ளெறும்பு ஓடுகிறதா என்று பட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டும். தூளியின் அடி, பெரியவர்களின் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

நல்ல நேரத்தைக் கேட்கும்போதே, காலை ஒன்பதுக்குள் வரும்படியாகக் கேளுங்கள். அதற்கு மேல் கல் தரை சுடும். குழந்தையைப் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் மாமன் மடியில் உட்கார வைக்காதீர்கள்; பால் குடித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்த குழந்தை பாதி அழுகையோடு நிறுத்திக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரால் தலையை நன்றாக நனைத்து, முடி ஊறிய பிறகே கத்தி வைக்கச் சொல்லுங்கள். பிளேடு புதிதாக இருக்கட்டும். நீங்களே பிரிக்காத பாக்கெட்டை வாங்கிப்போய்க் கொடுத்துவிடலாம். மாமன் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையின் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்து, ஒரு கையால் இரண்டு கைகளையும் அணைத்து, இன்னொரு கையால் தாடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். எதிரில் அம்மா உட்கார்ந்து, குழந்தைக்குப் பிடித்த பாட்டையோ கிலுகிலுப்பையையோ விடாமல் தொடர வேண்டும். சுற்றி நிற்கும் சித்தப்பா, அத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் செல்லம் கொஞ்சினால் குழந்தை மிரளும். இரண்டு பேர் பேசினால் போதும்.

அறநிலையத் துறைக் கோயில்களில் முடிக் காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பழனி, சமயபுரம், திருத்தணி போன்ற கோயில்களுக்குப் போகிறவர்கள் கூட்ட நாட்களைத் தவிர்த்து, வார நடுவில் போனால் குழந்தை நெரிசலில் சிக்காது.

மொட்டை அடித்ததும் தலையைக் கழுவித் துடைத்து, கல்லில் இழைத்த சந்தனத்தைத் தடவலாம். கத்தி பட்டுக் கீறல் இருந்தால் அந்த இடத்தில் சந்தனம் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த சில வாரம் வெளியே போகும்போதெல்லாம் பருத்தித் தொப்பி.

காது குத்துவதையும் அதே நாளில் வைத்தால், நடுவில் குழந்தைக்குப் பால் கொடுத்து ஓய்வு தாருங்கள். முதலில் பேனாவால் இரண்டு காதிலும் புள்ளி வைத்து, குழந்தையை நேராக நிமிர்த்திப் பிடித்து, ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். குத்தும் கருவி கிருமி நீக்கப்பட்டதா என்று ஆசாரியிடமே கேளுங்கள். நல்ல தொழிலாளி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள் போட்டு முடிந்திருக்க வேண்டும். காய்ச்சலோ சளியோ இருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள், குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. குத்திய இடத்தைக் கழுவிய கையால் மட்டும் தொடுங்கள். வீக்கமோ சீழோ தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கிடா விருந்தும் உறவுக்கூட்டமும் நடக்கும்போது குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒருவரை நியமித்துவிடுங்கள். பாட்டியோ சித்தியோ, பந்தி பரிமாறும் வேலை அவருக்கு இல்லை.

முதல் அலை

கடலைப் பார்க்காத பிள்ளைக்குக் கடல் முதலில் ஒரு பெரிய சத்தம். அதனால் நேராகத் தண்ணீருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மணல் சூடு தணிந்த பிறகு, சாயங்காலம் ஐந்து மணிவாக்கில், அலை வந்து நுரை மட்டும் எட்டும் ஈர மணலில் பிள்ளையை மடியில் வைத்து உட்காருங்கள். பத்து அலை வந்து போகட்டும். பிறகு பிள்ளையே இறங்கப் பார்க்கும். இரண்டு கையையும் பிடித்து நிறுத்துங்கள். நுரை வந்து காலைத் தொடும்போது சிரிக்கும்; அலை திரும்பும்போது பாதத்தின் கீழே மணல் சரியுமே, அப்போதுதான் திடுக்கிட்டு உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும். உடனே தூக்கிக்கொள்ளுங்கள். மறுபடி இறங்கக் கேட்டால் இறக்கி விடுங்கள். கேட்காவிட்டால் அன்றைக்கு அது போதும். கட்டாயப்படுத்தி முக்கி எடுத்த பிள்ளை வருஷக்கணக்கில் கடலுக்கு அஞ்சும்.

மெரினா, பெசன்ட் நகர், மாமல்லபுரம் பக்கத்துக் கடல் கரையை ஒட்டியே ஆழம் பிடிக்கும், உள்ளிழுப்பும் உண்டு. அங்கே கால் நனைப்பதோடு சரி, குளியல் வேண்டாம். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் இருக்கும் பக்கம் அலை அடங்கிய கடல், பிள்ளைகளுக்கு ஏற்றது. அங்கேயும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், போனைக் கையில் எடுக்காமல், நிற்க வேண்டும். படம் எடுப்பவர் வேறு, பிள்ளையைப் பிடிப்பவர் வேறு.

கடற்கரைக் கூட்டத்தில் பிள்ளை தவறிப் போவது நிமிஷ வேலை. சட்டையின் உட்பக்கத்தில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். சூடான சுண்டல் வாங்கிக் கொடுக்கலாம். ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம்.

மலை ஏறும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் வந்து சேர்ந்த நீலகிரி மலை ரயில், 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பற்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இது கனவுப் பயணம். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஐந்து மணி நேரம் குறுகிய சீட்டில் இருப்பது தண்டனை. அப்படியானால் சாலை வழியாக ஏறிவிட்டு, குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே மட்டும் ரயிலில் போய் வாருங்கள். கோடையில் டிக்கெட் முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் போவோர் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. கிளம்பும் முன் அப்போதைய நடைமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் உண்டு. ஏற்காட்டுக்கு 20 வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. முதல் மலைக்கு ஏற்காட்டை வைத்துக்கொள்வது நல்லது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போன்ற லேசான சாப்பாடு கொடுங்கள், பால் வேண்டாம். வண்டியில் போனைக் காட்டாதீர்கள். தூரத்து மலையைக் காட்டுங்கள். பத்து வளைவுக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்திக் காற்று வாங்குங்கள்.

பயணச்சீட்டுக் கணக்கு: ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், தனிப் படுக்கைக்கு முழுக் கட்டணம், இல்லாவிட்டால் பாதி. தமிழ்நாடு அரசுப் பேருந்துகளிலும் ஐந்து வயது வரை இலவசம். வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழின் நகலோ ஆதாரோ போனில் இருக்கட்டும்.

பாட்டி வீடும் பம்புசெட்டும்

காசு செலவில்லாத, பிள்ளைக்கு மிகவும் கொடுக்கிற கோடை ஊரில்தான் இருக்கிறது. அம்மா பக்கத்தில் இல்லாமல் பாட்டியோடு ஓர் இரவு தூங்குவது நாலு வயதுப் பிள்ளைக்குப் பெரிய படி. முதல் நாளே விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு இரவு நீங்களும் அதே வீட்டில் இருந்து, மூன்றாம் இரவு பாட்டி பக்கத்தில் படுக்க வையுங்கள். வழக்கமான போர்வையும் தலையணையும் கூட வரட்டும். "தூங்கின பிறகு ஓடிவிடலாம்" என்று நினைக்காமல், "நாளைக்குச் சாயங்காலம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள்.

ஐந்து, ஆறு வயதில் நீச்சல் பழகலாம். பம்புசெட் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் காலை உதைக்கப் பழக்கிய பிறகுதான் அடுத்தது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கிய காலத்துப் பெரியவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கிணறு வேண்டாம். கண்மாய், ஆற்று மடு, கல்குவாரி எதிலும் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. கோடை லீவில் நீரில் போகும் உயிர்களில் பல, பெரியவர் பார்வை ஒரு கணம் விலகியதால் போனவை. அதனால் இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

பையில் இருக்க வேண்டியவை

• ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.
• தெர்மாமீட்டர், டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, அளவுக் கரண்டி.
• மாற்று உடை இரண்டு செட், டயபர், ஈரத்துணி, அழுக்குத் துணிக்கு ஒரு பை.
• தயிர் சாதமோ புளிசாதமோ. தேங்காய்ச் சட்னி வெயிலில் கெட்டுவிடும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தாங்கும்.
• தொப்பி, குடை, கொசுவலை.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த பிள்ளை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாகத் தெரிகிறது, கூப்பிட்டால் சோர்ந்து கிடக்கிறது என்றால் பயணத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரத்துக்கு 108.

குறித்து வையுங்கள், ஒப்பிடாதீர்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இடம், பிள்ளை அன்றைக்குப் புதிதாகச் செய்தது, சொன்னது என்று நாலு வரி. ஒவ்வொரு மே மாதமும் கதவு நிலையில் பென்சிலால் உயரத்தைக் கோடு போடுங்கள். போனில் எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களைத் தேட நேரம் கிடைக்காது. இந்த நாலு வரி பத்து வருஷம் கழித்தும் படிக்கக் கிடைக்கும்.

உறவுக்கூட்டத்தில் "எங்க பையன் பத்து மாசத்துலயே நடந்துட்டான்" என்று யாராவது சொல்வார்கள். ஒரு குழந்தை பத்து மாதத்தில் நடக்கும், இன்னொன்று பதினைந்து மாதத்தில் நடக்கும், இரண்டும் சரிதான். பதினெட்டு மாதமாகியும் தனியே நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன்னால் யார் சொல்வதையும் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் எந்தப் பயணமும் வைக்காதீர்கள். அந்த வாரம் தூங்கும் நேரத்தைப் பழைய கணக்குக்குக் கொண்டுவரவும், சிறுத்துப்போன செருப்பை மாற்றவும், முதல்முறையாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையை அந்த வாசல் வரை இரண்டு மூன்று முறை நடத்திக் கூட்டிப் போய் வரவும் தேவைப்படும். அந்த வாசலைத் தாண்டுவதுதான் இந்தக் கோடையில் அந்தப் பிள்ளைக்குக் காத்திருக்கும் ஆகப் பெரிய புது அனுபவம். அதற்கு முழு வாரம் கொடுங்கள்.